முத்துக்கரை கண்ட ஒல்லாந்து ஓவியர் யோகன் நியூஹாஃப்

பொருநை கடலொடு கலக்கும் கரையின் பெருமை தமிழ்க் கவிதை தோன்றிய காலத்திலேயே பாடுபொருளாகிவிட்டது. கொற்கைத் துறையின் முத்தும் அலையும் அடும்பும் அன்னமும் சங்கச் சான்றோரின் சொற்களில் இன்றளவும் வாழ்கின்றன. ஆறு கொணர்ந்த மண்ணால் கொற்கையை விட்டுக் கடல் விலகியபின் காயல் செழித்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அக்காயலின் வளத்தை மார்க்கோ போலோ எழுதிவைத்தார். காயலும் மணல்மேடானபின் தூத்துக்குடி தலைநிமிர்ந்தது. இக்கரையைப் பாடியோர் பலர். பயணக் குறிப்பில் எழுதியோரும் பலர். ஆனால் இதனைக் கண்ணால் அளந்து, கோட்டால் வரைந்து, தாளில் பதித்து உலகின் முன் வைத்தோர் மிகச் சிலரே. அச்சிலருள் முன்நிற்பவர் யோகன் நியூஹாஃப். ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கும்பினியின் ஊழியராக வந்து, 1660களில் தூத்துக்குடியில் அதன் பணிகளுக்குத் தலைமை தாங்கியவர் அவர். இக்கரையின் முத்தே அவருக்கு வாழ்வையும் தாழ்வையும் தந்தது.

பிறப்பும் இளமையும்

நியூஹாஃப் 1618ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22ஆம் நாள் பெந்தைம் என்னும் சிறு நாட்டைச் சேர்ந்த ஊல்சன் என்ற ஊரில் பிறந்தார். அவ்வூர் இன்று செருமனி நாட்டின் எல்லைக்குள், நெதர்லாந்தை ஒட்டி அமைந்துள்ளது. அவர் பிறந்த ஆண்டிலேயே ஐரோப்பாவில் முப்பதாண்டுப் போர் மூண்டது. சமயத்தின் பெயரால் மன்னர்கள் ஒருவரையொருவர் அழித்துக்கொண்டிருந்த அக்காலத்தில், எல்லைப்புறத்துச் சிற்றூர் இளைஞருக்கு ஒல்லாந்தின் துறைமுகங்களே வாழ்வின் வாயில்களாக விளங்கின.

அக்கால ஒல்லாந்து ஓவியக்கலையில் ஒரு புதுமை நிகழ்ந்துகொண்டிருந்தது. அதற்குமுன் ஐரோப்பிய ஓவியத்தில் நிலம் என்பது தேவர்களுக்கும் அரசர்களுக்கும் பின்னே விரிக்கப்பட்ட திரையாகவே பெரிதும் இருந்தது. ஒல்லாந்து ஓவியரோ நிலத்தையே தலைவனாக்கினர். தாழ்ந்த தொடுவானம், தாளின் பெரும்பகுதியை நிரப்பும் வானம், கால்வாய்க் கரையில் ஒரு படகு, மணற்குன்றின்மேல் ஒரு குடிசை ஆகியவையே அவர்களுக்குப் போதுமான பொருளாயின. யான் வான் கொயன் என்னும் ஓவியர் கருஞ்சுண்ணக் கட்டியும் குறிப்பேடும் ஏந்தி ஊர் ஊராகச் சென்று கண்டவாறே வரைந்தார். ரெம்பிராந்து ஆம்ஸ்டர்டாம் நகரின் புறத்தே நடந்து இறகுப் பேனாவாலும் நீர்த்த மையாலும் வயலையும் வேலியையும் தீட்டினார். நேர்கண்டு வரைதல் என்பது அந்நாட்டில் ஒரு கொள்கையாகவே வளர்ந்தது. நம் அணிநூலார் தன்மை நவிற்சி என்று வகுத்ததற்கு மிக அணுக்கமான நெறி இது. உள்ளதை உள்ளவாறு கூறுவதிலேயே அழகு உண்டென்று இரண்டும் நம்புகின்றன.

நியூஹாஃப் அப்பெரும் ஓவியர்களின் வரிசையில் வைக்கத்தக்கவர் அல்லர். வணிகக் கும்பினியின் ஊழியமே அவருடைய தொழில். எனினும் அந்நெறி அவர் கையிலும் கண்ணிலும் ஊறியிருந்தது.

பிரேசிலும் சீனமும்

22ஆம் அகவையில், 1640இல், அவர் ஒல்லாந்து மேற்கிந்தியக் கும்பினியின் பணியில் பிரேசிலுக்குக் கப்பலேறினார். அந்நாட்டின் வடகிழக்குப் பகுதி அப்போது ஒல்லாந்தர் வசம் இருந்தது. அதனை ஆண்ட யோகன் மவுரிட்சு என்னும் கோமகன் ஓவியர்களையும் இயற்கை நூலறிஞர்களையும் உடன் வைத்துப் போற்றியவர். பிரான்சு போஸ்ட் என்ற நிலக்காட்சி ஓவியர் 1637 முதல் 1644 வரை அங்கிருந்து அந்நிலத்தைத் தீட்டினார். அதே ஆண்டுகளில்தான் இளைஞரான நியூஹாஃபும் அந்நாட்டில் கும்பினிப் பணியாற்றினார். 1645இல் போர்த்துகீசியக் குடியேறிகள் ஒல்லாந்தர்க்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். முற்றுகையும் பசியும் சூழ்ந்த அந்நாள்களைக் கடந்து 1649இல் அவர் தாயகம் மீண்டார்.

1653இல் கிழக்கிந்தியக் கும்பினியில் சேர்ந்து பத்தேவியாவை அடைந்தார். இன்று சகார்த்தா எனப்படும் அந்நகரம் அன்று ஒல்லாந்தரின் கீழைத் தலைநகரம். 1655இல் அங்கிருந்து சீனப் பேரரசரிடம் ஒரு தூதுக்குழு புறப்பட்டது. பீட்டர் தெ கோயர், யாக்கோபு தெ கெய்சர் என்னும் இரு வணிகர் தூதுவர்களாயினர். நியூஹாஃப் அக்குழுவின் வீட்டுப்பொறுப்பாளராக நியமிக்கப்பட்டார். வழியில் காணும் நகரங்கள், கோயில்கள், அரண்மனைகள், ஆறுகள் ஆகியவற்றை உள்ளவாறே வரைய வேண்டும் என்பதும் அவருக்கிடப்பட்ட கட்டளை.

காண்டன் நகரிலிருந்து ஆறுகளின் வழியாகவும் பெருங்கால்வாயின் வழியாகவும் படகில் சென்ற அக்குழு 1656 சூலையில் பீகிங்கை அடைந்தது. எட்டாண்டுக்கு ஒருமுறை வந்து போகலாம் என்ற இசைவுக்கு மேல் தூதுவர்களால் எதையும் பெற முடியவில்லை. கும்பினியின் கணக்கில் அது தோல்விப் பயணம். ஆனால் படகின் விளிம்பில் அமர்ந்து நியூஹாஃப் வரைந்த படங்கள், தூதுவர் பெறத் தவறியதை வேறொரு வகையில் ஈட்டித் தந்தன. அதுவரை கற்பனையால் மட்டுமே அறிந்திருந்த சீனத்தை ஐரோப்பா அவர் கண்களின் வழியே காணலாயிற்று.

1658இல் தாயகம் திரும்பிய அவர் குறிப்புகளையும் படங்களையும் ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த உடன்பிறந்தார் எந்திரிக்கிடம் ஒப்படைத்துவிட்டு மீண்டும் கீழ்த்திசைக்குக் கப்பலேறினார். யாக்கோபு வான் மெர்சு என்னும் பதிப்பாளர் 1665இல் அதனைப் பெருநூலாக வெளியிட்டார். ஏறத்தாழ 150 செப்புத்தகட்டுப் படங்கள் அந்நூலை அணிசெய்தன. பிரெஞ்சு, செருமானியம், இலத்தீன், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் அடுத்த நான்காண்டுகளுக்குள் அது பரவியது. நாஞ்சிங் நகரத்துப் பீங்கான் கோபுரத்தின் படம் ஐரோப்பியச் செல்வர்களின் பூங்காக்களிலும் பீங்கான் கலங்களிலும் சுவர்த்துணிகளிலும் புதுப்புது வடிவெடுத்தது. தம் நூல் நாடெங்கும் புகழ் பெற்ற நாளில், அதனை எழுதியவர் நம் தென்கடற்கரையில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

மலையாளக் கரையிலிருந்து முத்துக்கரைக்கு

ஒல்லாந்தர் தென்னகக் கரைகளிலிருந்து போர்த்துகீசியரை விரட்டிய காலம் அது. 1658இல் தூத்துக்குடியும் மன்னாரும் யாழ்ப்பாணமும் அவர்கள் கைக்கு மாறின. 1661இன் இறுதியில் கொல்லமும், 1663 சனவரியில் கொச்சியும் வீழ்ந்தன. இப்படையெடுப்புகளை நடத்தியவர் ரைக்ளோப் வான் கூன்சு. மலையாளக் கரைப் போரில் நியூஹாஃபும் உடன் சென்றார். பின்னர்க் கொல்லத்தில் கும்பினியின் தலைவரானார். 1664இல் மிளகு வாணிகத்திற்கான உடன்படிக்கைகளை நாடிக் காயங்குளம், திருவிதாங்கோடு முதலிய அரசுகளுக்குத் தூது சென்றார். கொல்லத்து அரசியை அவர் கண்டு பேசிய காட்சி அவருடைய நூலில் படமாகவே இடம்பெற்றுள்ளது.

அங்கிருந்து அவர் தூத்துக்குடிக்கு வந்தார். இக்கரையின் கும்பினி அலுவல்கள் கொழும்பிலிருந்த ஒல்லாந்து ஆளுநரின் கீழ் நடைபெற்றன. நிலத்தின் அரசுரிமையோ மதுரை நாயக்கருடையது; அன்று சொக்கநாத நாயக்கர் ஆட்சி செய்தார். வடக்கே சேதுபதி மன்னரின் உரிமை கடலில் பரந்திருந்தது. கரையில் பரதவரின் சாதித்தலைவரும் பட்டங்கட்டிகளும் வழிவழி அதிகாரம் உடையவர்களாய் வாழ்ந்தனர். இத்தனை உரிமைகளுக்கும் நடுவே, தராசையும் கணக்கேட்டையும் ஏந்தி அயல்நாட்டுக் கும்பினி அமர்ந்திருந்தது.

நியூஹாஃப் கண்ட தூத்துக்குடி மதிலில்லாத ஊர். போர்த்துகீசியர் காலத்தில் எழுந்த மூன்று பெரிய கல் தேவாலயங்கள் கடலில் நெடுந்தொலைவில் வரும்போதே புலப்படும் என்று அவர் குறிக்கின்றார். மலைகளோ உயர்ந்த கரைகளோ இல்லாத இத்தாழ்ந்த கடற்கரையில், அத்தேவாலய முகடுகளே மாலுமிகளுக்கு வழிகாட்டும் அடையாளங்கள். ஒல்லாந்தின் நிலமும் இத்தகையதே. அங்கும் மலையில்லை, மணல்மேடும் உப்பங்காற்றும் தேவாலயக் கோபுரமுமே தொடுவானத்தை வரையறுக்கும். தாழ்நிலத்தைப் பார்க்கப் பழகிய ஒல்லாந்துக் கண்ணுக்கு முத்துக்கரை முற்றிலும் அயலாகத் தோன்றியிராது. நூலிலுள்ள தூத்துக்குடி நகரக் காட்சி அத்தகைய கண்ணின் பேறு.

அத்தேவாலயங்களுக்குள் ஒரு துயரம் ஒளிந்திருந்தது. 1530களில் திருமுழுக்குப் பெற்றுக் கத்தோலிக்க நெறியில் ஊன்றிய பரதவரிடமிருந்து, சீர்திருத்த சமயத்தினரான ஒல்லாந்தர் அவற்றைப் பறித்தனர். குருக்கள் ஊருக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டது. 1658இல் இங்கு வந்த பிலிப்பு பால்தேயு என்னும் ஒல்லாந்துப் போதகர் பரதவரைத் தம் சபைக்குத் திருப்ப முயன்று தோற்றார். பிற்காலத்தில் மலையாளக் கரையும் சோழமண்டலக் கரையும் இலங்கையும் பற்றி 1672இல் பெருநூல் வெளியிட்டு, அதில் தமிழ் எழுத்தையும் ஐரோப்பியருக்குக் காட்டியவர் இவரே. கோயில் பறிபோனாலும் பரதவர் தம் பனிமய அன்னையைக் கைவிடவில்லை. 1713இல் தூத்துக்குடியில் அன்னைக்கு ஆலயம் மீண்டும் எழுந்தது. இவ்வுறுதியைச் செப்புத்தகடு காட்டாது. கடலிலிருந்து நோக்குவோனுக்குக் கோயிலின் முகடு தெரியும். அதன் வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்டவனின் முகம் தெரியாது.

முத்துக்குளிப்பு

கும்பினியை இக்கரைக்கு ஈர்த்தவை துணியும் சங்கும் முத்துமே. சங்கு வங்காளத்துக்கு வளையல் அறுக்கச் சென்றது. முத்தோ எங்கும் சென்றது.

முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நிகழ்வதன்று. கடலடியிலுள்ள பார்களில் சிப்பி முதிர்ந்துள்ளதா என்று முன்னரே மாதிரி எடுத்து ஆராய்வர். விளைவு கண்டால் மட்டுமே நாள் குறிக்கப்படும். பங்குனி, சித்திரையில் கடல் அமைதியுற்றிருக்கும் சில வாரங்களே அதற்குரிய பருவம். வெறும் மணற்பரப்பில் ஓலைக்கொட்டகைகளால் ஆன ஒரு நகரம் சில நாள்களில் முளைக்கும். பல நாட்டு வணிகரும் அரசர்களின் ஆள்களும் கும்பினிப் படைவீரரும் அங்குக் குழுமுவர். வைகறைக்கு முன் நிலக்காற்றில் தோணிகள் புறப்பட்டு, பிற்பகலில் கடற்காற்றில் கரை திரும்பும். குளிப்பவர் கல்லொன்றின் கனத்தால் பல பாகம் ஆழத்துக்கு இறங்குவர். ஏறத்தாழ ஒரு மணித்துளிப் பொழுது மூச்சடக்கிச் சிப்பிகளை வலைப்பையில் திரட்டுவர். கயிறு அசைந்ததும் தோணியிலுள்ளோர் மேலே இழுப்பர். ஒரு கல்லுக்கு இருவர் மாறி மாறி இறங்குவது வழக்கம். சுறாவின் வாயைக் கட்டும் மந்திரமறிந்த கடல்கட்டி உடனிருந்தாலன்றிக் கடலில் இறங்க அவர்கள் ஒருப்படுவதில்லை.

அக்கல்லே வரியின் அளவையும் ஆயிற்று. எத்தனை கல் கடலில் இறங்குகின்றது என்பதைக் கொண்டே அரசிறை கணிக்கப்பட்டது. நாயக்கருக்கும் சேதுபதிக்கும் பட்டங்கட்டிகளுக்கும் இத்தனை கல் வரியின்றி இறங்கலாம் என்று உரிமை வகுக்கப்பட்டிருந்தது. மனிதனைக் கடலடிக்கு இழுத்துச் சென்ற அதே கல் ஏட்டில் ஓர் இலக்கமாகவும் நின்றது. நியூஹாஃபின் நூல் தூத்துக்குடியையும் அதன் மக்களையும் முத்துக்குளிப்பையும் விவரிக்கின்றது. கும்பினி ஊழியர் என்ற முறையில் அவர் அவ்வேட்டின் பக்கமே நின்றார் என்பதை மறத்தலாகாது. ஆயினும் ஏட்டுக்கு வேண்டாத பலவற்றையும் அவர் பார்த்தார், பார்த்ததை எழுதினார், எழுத முடியாததை வரைந்தார்.

பழியும் வீழ்ச்சியும்

கும்பினி தன் ஊழியருக்கு அளித்த ஊதியம் மிகக் குறைவு. ஆகவே மறைவான சொந்த வாணிகம் ஏறத்தாழ எல்லா ஒல்லாந்துக் கொத்தளங்களிலும் வேரூன்றியிருந்தது. கும்பினியோ அதனைப் பெருங்குற்றமாகக் கருதியது. மிளகுப் பொதியை மறைப்பது அரிது. துணிக்கட்டை மறைப்பதும் அரிது. ஆணிமுத்தோ மடியிலும் மயிரிலும் மறையும். ஆதலால் முத்துக்கரையில் பணியாற்றிய எவர்மீதும் ஐயம் எழுவது எளிது. அவ்வையத்தைத் துடைப்பது கடினம்.

நியூஹாஃப்மீதும் அப்பழி விழுந்தது. கும்பினியின் இசைவின்றி முத்து வாணிகம் செய்தார் என்று குற்றம் சாட்டப்பட்டுக் கொழும்பில் சிறை வைக்கப்பட்டார். பல திங்கள் சிறையிருந்தபின் பத்தேவியாவுக்கு அனுப்பப்பட்டார்; பணியையும் இழந்தார். ஐரோப்பாவின் அரசவைகளில் அவர் பெயர் தாங்கிய நூல் பொன்விளிம்புடன் புரட்டப்பட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே இது நிகழ்ந்தது. அந்நூலின் புகழ் அவரைச் சிறையிலிருந்து காக்கவில்லை.

பணியிழந்த மனிதர் பத்தேவியாவில் 1670 வரை தங்கினார். அந்நாள்களில் அவர் கை ஓயவில்லை. அந்நகரின் தெருக்களையும் சந்தைகளையும் பல இனத்து மக்களையும் மரங்களையும் கனிகளையும் மீன்களையும் எழுதியும் வரைந்தும் தொகுத்தார். கும்பினியின் கட்டளை அப்போது அவருக்கு இல்லை, கூலியும் இல்லை. ஒருவரது தொழில் எது, உள்ளத்தின் இயல்பு எது என்பது இத்தகைய நாள்களிலேதான் தெளிவாகின்றது. பதவி பறிக்கப்பட்டபின் நியூஹாஃபிடம் எஞ்சியது பார்க்கும் பழக்கம் ஒன்றே.

கடலில் மறைவு

பின்னர் ஆம்ஸ்டர்டாம் சென்று திரும்பவும் கப்பலேறினார். தம் இறுதிப் பயணமாக 1672இல் நன்னம்பிக்கை முனையைக் கடந்து மடகாசுகரை அடைந்தார். அம்முனையிலிருந்து அத்தீவுக்குச் சென்ற கும்பினிக் கப்பல்கள் பெரும்பாலும் அடிமைகளை வாங்கி வரவே சென்றவை. அக்கொடிய வாணிகத்தின் நிழல் நம் கரைக்கும் புதிதன்று. 1660ஐ ஒட்டித் தஞ்சை நாட்டைப் பஞ்சம் வாட்டியபோது, நாகப்பட்டினத்திலிருந்து தமிழ் மக்களை ஒல்லாந்தர் கப்பல்கள் அடிமைகளாக ஏற்றிச் சென்றன. மடகாசுகர்க் கரையில் ஒரு சிலருடன் படகில் இறங்கிச் சென்ற நியூஹாஃப் திரும்பவில்லை. கப்பல் காத்திருந்தது, பிறகு பாய்விரித்துச் சென்றுவிட்டது. அப்போது அவருக்கு அகவை 54. அவர் எவ்வாறு முடிந்தார் என்பதை உலகம் அறியவில்லை. எத்தனையோ கரைகளைத் தாளில் குறித்தவரின் இறுதிக் கரையை எவரும் குறிக்கவில்லை.

அவரைப் போன்றே கீழைக்கடல் கண்ட மற்றோர் ஓவியரையும் அதே ஆண்டு கடல் கொண்டது. எசாயாசு பூர்சு என்பவர் ஆம்ஸ்டர்டாமில் முறையாகப் பயின்ற ஓவியர். 1662இல் கொழும்பிலிருந்து அவர் எளிய மக்களை வரைந்த குறிப்பேடு ஆம்ஸ்டர்டாம் அரசு அருங்காட்சியகத்தில் காக்கப்பட்டு வருகின்றது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் கொண்ட அவ்வேட்டில் மன்னர் இல்லை, மாளிகை அரிது, உழைப்பவர் பலர். பூர்சும் 1672இல் கடற்பயணத்தில் உயிர்நீத்தார்.

தாளும் தகடும்

உடன்பிறந்தார் எந்திரிக்கு காத்திருந்தார். பத்தாண்டுகளுக்குப்பின் 1682இல், யோகன் விட்டுச் சென்ற பிரேசில் பயணத்தையும் கிழக்கிந்தியப் பயணத்தையும் நூல்களாக வெளிக்கொணர்ந்தார். தூத்துக்குடியும் முத்துக்குளிப்பும் இடம்பெறுவது இவற்றுள் இரண்டாவதில்தான். 1704இல் சர்ச்சில் பதிப்பகத்தாரின் பயணத் தொகுதி வழியாக அவை ஆங்கிலத்திலும் வந்தன. தூத்துக்குடி என்னும் பெயரைக் கேட்டறியாத ஐரோப்பிய வீடுகளிலும் நம் கரை ஒரு காட்சியாக நுழைந்தது இவ்வாறே.

ஆனால் அச்சில் வந்த படம் ஓவியர் வரைந்த படந்தானா என்னும் வினா எழுகின்றது. அக்காலத்தில் ஓவியர் வரைந்த தாளைப் பார்த்துச் செதுக்குவோர் செப்புத்தகட்டில் கீறுவர். தகட்டில் நேராகக் கீறினால் அச்சில் இடம் வலமாக மாறிவிடும். கீழ்த்திசையைக் கனவிலும் காணாத செதுக்குவோர், வாங்குவோர் கண்ணைக் கவரும்பொருட்டுத் தம் விருப்பம்போல் மரங்களையும் மனிதர்களையும் சேர்த்தனர்.

1984இல் பாரிசு தேசிய நூலகத்தில் லியோனார்டு புளூசே என்னும் ஒல்லாந்து வரலாற்றறிஞர் சீனப் பயணத்தின் கையெழுத்துப் படியைக் கண்டெடுத்தபோது இவ்வேறுபாடு வெளிச்சத்துக்கு வந்தது. 1987இல் அது நூலாகவும் வெளிவந்தது. அதில் ஏறத்தாழ 80 மூலப் படங்கள் இருந்தன. தாழ்ந்த கரை, மெல்லிய கோட்டில் நகரத்தின் வடிவம், அகன்ற நீர், வெற்று வானம் ஆகியவையே அவற்றில் மிகுதி. அச்சு நூலில் அவற்றின் முன்னே வெப்பநாட்டுப் பனைகள் நின்றன; வியப்பூட்டும் உருவங்கள் நடமாடின. நியூஹாஃப் தன்மை நவிற்சியாகத் தந்ததைப் பதிப்பாளர் உயர்வு நவிற்சியாக்கி விற்றார் எனலாம்.

தூத்துக்குடிக் காட்சி செப்புத்தகட்டுப் படமாகவே நம் கைக்கு வந்துள்ளது. ஆதலின் அதனைக் காண்போர் பாரிசுப் படியின் எளிய கோடுகளை நினைவில் கொண்டே காணவேண்டும். சீனத்து நகரங்களின் முன் நடப்பட்ட பனை பொய். தேரிமணலில் நிற்கும் நம் பனையோ மெய். ஆனால் ஆம்ஸ்டர்டாமில் படத்தைப் புரட்டிய வாசகருக்கு இரண்டு பனையும் ஒன்றே. ஒரு பொய் பக்கத்திலுள்ள மெய்யையும் நம்பத்தகாததாக்கிவிடுகின்றது. கவிதையில் மிகைச்சொல் செய்யும் தீங்கும் இதுவே என்பதைக் கவிஞர்கள் உணர்வர்.

நெய்தலும் ஒல்லாந்து ஓவியமும்

நம் அகப்பாட்டு மரபில் முதற்பொருளும் கருப்பொருளும் உரிப்பொருளும் ஒன்றையொன்று தழுவி நிற்கும். நெய்தல் நிலத்தின் கடலும் கழியும், எற்பாடும், அன்றிலும் தாழையும் இரங்கல் என்னும் உணர்வில் வந்து நிறைவடையும். நியூஹாஃபின் கோடுகள் நிலத்தைத் தந்தன. தோணி, தேவாலயம், கரை, கப்பல் எனக் கருப்பொருளையும் ஓரளவு தந்தன. இரங்கல் அவர் ஏட்டில் இல்லை. கணவன் கடலடியில் இருக்கும் ஒரு மணித்துளிப் பொழுது கரையில் நின்றவளுக்கு எத்தனை ஊழியாய் இருந்திருக்கும் என்பதை அவர் வரையவில்லை. அதனை வரையும் பணி அவருக்கு இடப்படவும் இல்லை.

எனினும் அவர் கண்ட நிலம் நமக்கு வேண்டும். அவர் கண்ட மதிலற்ற ஊர் பின்னர்ப் பலமுறை உருமாறியது. ஒல்லாந்தர் 1750இல் தம் தேவாலயத்தைக் கட்டினர். 1825இல் தூத்துக்குடியை ஆங்கிலேயர் வசம் விட்டு நீங்கினர். அக்கும்பினி தன் பீரங்கிகளிலும் நாணயங்களிலும் பொறித்த முத்திரை உரோம எழுத்தில் வி, ஓ, சி என்னும் மூன்றே. 1906இல் அயலாரின் கப்பல் வாணிகத்தை எதிர்த்துச் சுதேசிக் கப்பல் கும்பினி கண்ட பெருந்தகையின் பெயரும் அதே மூன்று எழுத்தாகவே உரோம எழுத்தில் எழுதப்படுகின்றது. முன்னவர் இக்கரையின் வளத்தைக் கப்பலேற்றிச் சென்றனர், வ.உ.சி. கப்பலையே இக்கரைக்கு உரிமையாக்க முனைந்தார். துறைமுகம் 2011 முதல் அவர் பெயரைத் தாங்குகின்றது. முத்துக்குளிப்போ 1961ஆம் ஆண்டுடன் நின்றுவிட்டது. பார்களுக்குத் தோணிகள் போவதில்லை. கொட்டகை நகரம் முளைப்பதில்லை. கடல்கட்டியின் மந்திரத்தைக் கேட்கக் காத்திருப்போர் இல்லை.

இந்நிலையில், முத்துக்குளிப்பு உயிரோடிருந்த ஒரு நூற்றாண்டில் இக்கரையில் நின்று, பழியையும் சிறையையும் பெற்று, ஈற்றில் பெயர் தெரியாத கரையொன்றில் மறைந்துபோன ஒரு மனிதரின் கோடுகள் நமக்குக் கிடைத்துள்ளன. அவர் நம்மவர் அல்லர். நம் கரையின் வளத்தைக் கொண்டுசென்ற கும்பினியின் கை. ஆனால் அக்கை கணக்கு எழுதிய நேரம் போக எஞ்சிய பொழுதில் தூத்துக்குடியின் தொடுவானத்தை வரைந்தது. அவர் விட்டுச் சென்ற வெற்றிடத்தில் அன்றிலின் குரலையும் குளிகாரன் மனைவியின் விழியையும் நிரப்ப வேண்டிய கடமை இக்கரையின் கவிஞர்களுடையது. கொற்கையைப் பாடிய சான்றோர் தொடங்கிவைத்த அப்பணி இன்னும் முடிந்துவிடவில்லை.